வெக்கை போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

இன்றைக்கு ஒரு வைரஸைப் பற்றிப் பேசப்போகிறோம். ஆனால் அது எங்கிருந்து வந்தது, எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்கிற வழக்கமான கதை இல்லை. அது போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்கிற கதை.

போன வாரம் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய கோவிட் கிட் கையில் கிடைத்தது. மூக்கில் குச்சியை விட்டு, நாலு சொட்டு ஊற்றி, பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கா? ஒரு கோடு வந்தால் நிம்மதி. இரண்டு கோடு வந்தால் தனி அறை. அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு, இல்ல? இருங்க, சொல்றேன்.

பாட்டிக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி வந்து கனகாம்பரச் செடியைக் கடித்தால், "வெக்கையில போற சனியனே" என்று கத்திக்கொண்டே துரத்துவார். கோடை லீவுக்குச் சென்னையிலிருந்து போகிற எனக்கு வெக்கை என்றால் புழுக்கம், அனல். வெயிலில் சாவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெக்கை ஒரு நோயின் பெயர் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். ஜெர்மன் மொழியில் அதற்கு மாட்டுக் கொள்ளைநோய் என்று அர்த்தம்.

மனிதர்கள் உலகத்திலிருந்தே முழுசாக ஒழித்த நோய்கள் இதுவரை இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. அதற்கு 1980-ல் முடிவுரை எழுதினார்கள். இன்னொன்று வெக்கை, 2011-ல். முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றி நம் ஊரிலேயே நிறைய பேருக்குத் தெரியாது. அதைவிடத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 1995-ல். இடம்: வட ஆற்காடு. என் பாட்டியின் மாவட்டம்.

ஒரு கண்டத்தையே காலி பண்ணிய நோய்

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். வெக்கை வைரஸ் மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய சொந்தக்காரன். மாடு, எருமை, காட்டெருமை, சில வகை மான்கள் எல்லாவற்றையும் தாக்கும். முதலில் கடும் காய்ச்சல். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் புண். அதன்பின் நிற்காத கழிச்சல். நோய் எதிர்ப்பு இல்லாத மந்தைக்குள் புகுந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் தொழுவமே காலி.

1880-களின் கடைசியில் இது வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. பத்தே வருஷத்தில் அந்தக் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. போன இடமெல்லாம் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் செத்தன. உழ மாடில்லை, பாலில்லை, வண்டி இழுக்க ஆளில்லை. எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நடந்த பெரும்பஞ்சத்தில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் மதிப்பீடு. இந்த வைரஸ் மனிதனைத் தொடவே தொடாது. மாட்டைக் கொன்றே மனிதனையும் கொன்றது.

ஐரோப்பாவும் தப்பவில்லை. 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியதற்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அங்கே நோய் பற்றிக்கொண்டது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-ல் 28 நாடுகள் பாரிஸில் கூடி, விலங்கு நோய்களுக்கான உலக அமைப்பை உருவாக்கின. சுருக்கமாக ஓஐஇ. நம் கதையின் கடைசியில் இந்த அமைப்பு திரும்ப வரும்.

இரண்டு கன்றுகள்

சரி, ஒரு மாடு காய்ச்சலில் கிடக்கிறது. வாயில் புண். இது வெக்கையா, கோமாரியா? கோமாரியிலும் வாயில் புண் வரும். ஆனால் கோமாரி வந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெக்கை என்றால் ஊரையே அடைக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்து தப்பாகிவிட்டால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

1902-ல் இஸ்தான்புல்லில் மோரிஸ் நிகோல், அடில் பே என்ற இருவர் நோயுற்ற மாட்டின் திரவத்தைப் பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்துப் பார்த்தார்கள். வடிந்த தெளிவான நீரும் நோயைக் கொடுத்தது. ஆக, காரணம் பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று. அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கு இருந்த வழி கொஞ்சம் கொடூரமானது. இரண்டு கன்றுகளை எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுக்கு ஏற்கெனவே வெக்கை வந்து பிழைத்திருக்கும் அல்லது எதிர்ப்புச்சக்தி ஏற்றப்பட்டிருக்கும். இன்னொன்றுக்கு எதுவும் கிடையாது. சந்தேகப்படும் மாட்டின் ரத்தத்தை, அல்லது நிணநீர்க் கணுவை அரைத்த கரைசலை, இரண்டுக்கும் ஊசியில் ஏற்றுவார்கள். பாதுகாப்பில்லாத கன்று நோயில் விழுந்து, பாதுகாப்புள்ள கன்று நன்றாக இருந்தால், அது வெக்கை. இரண்டுமே விழுந்தால் வேறு ஏதோ நோய். அதாவது டெஸ்ட் கிட்டே ஒரு கன்றுக்குட்டிதான். ரிசல்ட் பாசிட்டிவ் என்றால் கிட் செத்துப்போகும்.

இந்தியாவில் இதற்கான மையம் இமயமலையில் இருந்தது. 1889-ல் பூனாவில் தொடங்கிய ஏகாதிபத்திய பாக்டீரியாவியல் ஆய்வகத்தை 1893-ல் இன்றைய உத்தரகாண்டில் இருக்கும் முக்தேஷ்வருக்கு மாற்றினார்கள். ஏறக்குறைய 7,500 அடி உயரம். இவ்வளவு ஆபத்தான வைரஸை வைத்து வேலை செய்ய ஊரை விட்டு ஒதுங்கிய குளிர்ந்த இடம் வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலம், பாருங்க. அதோடு மலை மாடுகள் இந்த நோயில் சட்டென்று விழுந்துவிடும் என்பதால், சோதனைக்கும் அவை ஏற்றவையாக இருந்தன.

1920-களில் அங்கே ஜே. டி. எட்வர்ட்ஸ் ஒரு சின்னத் தொல்லையைத் தீர்க்கப் போய்ப் பெரிய விஷயத்தில் தடுக்கி விழுந்தார். மாட்டு ரத்தத்தில் வைரஸை வளர்த்தால் உண்ணிகள் பரப்பும் ஒட்டுண்ணிகளும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. அதைத் தவிர்க்க வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். கொஞ்ச காலத்தில் அந்த வைரஸ் மாட்டுக்குப் பலவீனமானதாகிவிட்டது. அதுவே தடுப்பூசியானது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-ல் இந்தியா தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் முதுகெலும்பே இந்த ஆட்டு வழித் தடுப்பூசிதான்.

கண்ணாடிக்குள் சிறுநீரகம், ஜெல்லுக்குள் கோடு

அடுத்த மாற்றம் கென்யாவின் முகுகாவில். வால்டர் பிளோரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், ஆர். டி. ஃபெரிஸ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, கன்றின் சிறுநீரக செல்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து அதில் வெக்கை வைரஸை வாழவைத்தார். 90 தடவை செல்லிலிருந்து செல்லுக்கு மாற்றியதில் நோய் தராத, ஆனால் வாழ்நாள் பாதுகாப்புத் தருகிற ஒரு வைரஸ் கிடைத்தது. 1960-களிலிருந்து உலகம் பயன்படுத்தியது அந்தத் தடுப்பூசியைத்தான். 1999-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

தடுப்பூசியை எல்லோரும் கொண்டாடுவார்கள். நான் சொல்ல வந்தது அதோடு கூடவே கிடைத்த இன்னொன்றை. செல்கள் குழாயில் வளர ஆரம்பித்ததும் கன்றைக் கொல்லாமலே டெஸ்ட் செய்ய முடிந்தது. மாட்டின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த பகுதியை, ஒரு குறிப்பிட்ட அளவு வைரஸோடு கலந்து செல்கள் மேல் ஊற்ற வேண்டும். செல்கள் செத்தால் சீரத்தில் ஆன்டிபாடி இல்லை. செல்கள் பிழைத்தால் ஆன்டிபாடி இருக்கிறது. ஆக, அந்த மாடு எப்போதோ வைரஸையோ தடுப்பூசியையோ சந்தித்திருக்கிறது. இதற்கு வைரஸ் நடுநிலையாக்கச் சோதனை என்று பெயர். மிகத் துல்லியம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிருமி புகாத அறை வேண்டும். இன்குபேட்டர் வேண்டும். கரண்ட் போகக் கூடாது.

மாவட்ட அளவில் ஓடியது வேறொரு சோதனை. அகார் ஜெல் தெரியும்தானே, கடல்பாசியில் செய்கிற ஜெல்லி. ஒரு தட்டில் அதை ஊற்றி, சின்னச் சின்னக் குழி வெட்டி, ஒன்றில் செத்த மாட்டின் நிணநீர்க் கணுச் சாறு, பக்கத்தில் வெக்கை ஆன்டிபாடி நிறைந்த சீரம் விடுவார்கள். இரண்டும் ஜெல்லில் மெல்லப் பரவி நடுவில் சந்திக்கும். வைரஸ் இருந்தால் அங்கே ஒரு வெள்ளைக் கோடு விழும். மலிவு, மறுநாளே முடிவு. நம் கிட்டில் வருகிற கோட்டுக்கு இது தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதில் இரண்டு குறைகள். வைரஸ் நிறைய இருந்தால்தான் கோடு விழும். இரண்டாவது குறை பெரியது. அதைப் புரிந்துகொள்ள 1987-க்குப் போக வேண்டும்.

அரசூர் ஆடுகள், இலங்கை ஆடுகள்

1987-ல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அரசூர் கிராமத்தில் செம்மறி ஆடுகள் நோயில் விழுந்தன. காய்ச்சல், மூக்குச் சளி, வாய்ப்புண், கழிச்சல். பார்த்தால் அச்சு அசல் வெக்கை. ஆடுகளுக்கும் வெக்கை வரும் என்று இந்தியாவில் பல காலமாகப் பதிவுகள் இருந்தன. ஆனால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் அவரோடு வேலை செய்த ஆய்வாளர்களும் நெருங்கிப் பார்த்தபோது இது வெக்கை இல்லை, அதன் தம்பி என்று தெரிந்தது. 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்ட பிபிஆர். தமிழில் ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். இந்தியாவில் அது இருக்கிறது என்று முதல்முதலாக உறுதியானது அரசூரில்தான். 1989-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதே 1987-ல் பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் நேர்மாறாக ஒன்று நடந்தது. இலங்கையில் 1940-களுக்குப் பிறகு வெக்கையே கிடையாது. இந்திய அமைதிப்படை அங்கே போனது. படையின் சாப்பாட்டுக்காக உயிருள்ள ஆடுகளும் கப்பலில் போயின. அந்த ஆடுகளோடுதான் நாற்பது வருஷம் கழித்து வெக்கை மறுபடி இலங்கைக்குள் நுழைந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வடக்கிலும் கிழக்கிலும் ஏற்கெனவே போரில் நொடித்துப்போயிருந்த குடும்பங்களின் மாடுகளுக்கு நோய் வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஓர் இடத்தில், வெக்கை மாதிரியே இருந்த ஆட்டு நோய், வெக்கை இல்லை. இன்னோர் இடத்தில், பெரிதாகக் காட்டிக்கொள்ளாத ஆடுகளுக்குள் உண்மையான வெக்கை. பழைய ஜெல் சோதனையால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஏன்னா இரண்டு வைரஸும் அவ்வளவு நெருக்கம். அண்ணனுக்கு எதிரான ஆன்டிபாடி தம்பியோடும் ஒட்டிக்கொள்ளும், கோடு விழும். ஒவ்வோர் ஆட்டுக்கொல்லிக் கோட்டையும் வெக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தால் வெக்கை ஒழிந்துவிட்டது என்று எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

நிறம் வராவிட்டால்தான் பாசிட்டிவ்

இதற்கு விடை இரண்டு இடங்களிலிருந்து வந்தது. 1971-ல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் எலிசா என்ற முறையை வெளியிட்டார்கள். ஆன்டிபாடியோடு ஒரு நொதியைக் கட்டிவிடுவது. ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் நொதி வேலை செய்து நிறம் கொடுக்கும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கிற மோனோகுளோனல் ஆன்டிபாடியைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அண்ணனையும் தம்பியையும் குழப்பிக்கொள்ளாத ஆன்டிபாடி.

இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகத்தில் ஜான் ஆண்டர்சன் குழு இந்த இரண்டையும் சேர்த்து, 1990-களின் தொடக்கத்தில் வெக்கைக்கான போட்டி எலிசாவை உருவாக்கியது. பெயர்க் காரணம் எளிது. பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் வைரஸ் புரதம், அதுதான் சீட். அதில் மாட்டின் சீரத்தையும் ஆய்வகத்தில் செய்த மோனோகுளோனல் ஆன்டிபாடியையும் சேர்த்து விடுவார்கள். மாட்டு ரத்தத்தில் வெக்கை ஆன்டிபாடி இருந்தால் அது முதலில் உட்கார்ந்துவிடும், ஆய்வக ஆன்டிபாடிக்கு இடம் கிடைக்காது. நிறம் கொடுப்பது ஆய்வக ஆன்டிபாடி மட்டும்தான். ஆகவே நிறம் வந்தால் மாடு வெக்கையைச் சந்திக்கவில்லை. நிறம் குறைந்தால் சந்தித்திருக்கிறது.

ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாதிரிகள். உயிருள்ள வைரஸ் தேவையில்லை, செல் வளர்ப்புத் தேவையில்லை. ஐ.நா.வின் உணவு அமைப்பும் அணுசக்தி முகமையும் சேர்ந்து இந்தக் கிட்டையும் பயிற்சியையும் ஆப்பிரிக்க, ஆசிய ஆய்வகங்களுக்குக் கொண்டுபோயின. ஒரே கிட் என்பதால் நைஜீரியாவின் முடிவையும் இந்தியாவின் முடிவையும் ஒப்பிட முடிந்தது.

ஊசியை நிறுத்து

இப்போ கதையின் மிகக் கஷ்டமான இடம்.

எலிசா சொல்வது, இந்த மாட்டிடம் ஆன்டிபாடி இருக்கிறது என்பதை மட்டும்தான். அது நோயால் வந்ததா, பிளோரைட் தடுப்பூசியால் வந்ததா என்று சொல்லாது. தடுப்பூசி அவ்வளவு நல்ல தடுப்பூசி. உடம்பு அதை நிஜ வைரஸ் மாதிரியேதான் எடுத்துக்கொள்ளும். ஆக, எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், வைரஸ் போய்விட்டதா, ஊசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று எந்த டெஸ்ட்டாலும் சொல்ல முடியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி, ஊசியை நிறுத்துவது. வருஷா வருஷம் பயத்தோடு போட்டு வந்த ஊசி. நிறுத்திய பிறகு பிறக்கிற கன்றுகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எங்கேயாவது ஒரு மூலையில் வைரஸ் மிச்சம் இருந்தால் அவைதான் முதல் பலி.

இது வெறும் பயம் இல்லை, நடந்த விஷயம். 1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்காவில் 22 நாடுகளில் ஒரு பெரிய கூட்டுத் திட்டம் ஓடியது. நோய் கிட்டத்தட்டக் காணாமல் போனது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஊசியும் குறைந்தது, தேடுவதும் குறைந்தது. மிச்சமிருந்த சில இடங்களிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் அது திரும்பி வந்து பெரும் சேதம் செய்தது. அங்கே தப்பு ஊசியை நிறுத்தியதில் மட்டும் இல்லை. நிறுத்திவிட்டுத் தேடாமல் இருந்ததில்.

அதனால் இரண்டாவது முறை ஓஐஇ ஒரு படிக்கட்டுப் போட்டது. முதலில் ஊசியை நிறுத்தி, தற்காலிகமாக நோய் இல்லை என்று நாடு அறிவிக்க வேண்டும். பிறகு நோயில்லை என்ற சான்று. கடைசியில் தொற்றே இல்லை என்ற சான்று. அதற்கு ரத்தம் சாட்சி சொல்ல வேண்டும்.

எத்தனை மாதிரி எடுப்பது? இந்தியாவில் கோடிக்கணக்கில் மாடு, எருமை. எல்லாவற்றையும் குத்த முடியுமா? ஒரு சின்னக் கணக்கு. நூற்றில் ஒரு மந்தையில் மட்டும் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் குருட்டாம்போக்கில் ஒரு மந்தையை எடுத்தால் அது தப்பிவிட 99 சதவீத வாய்ப்பு. இரண்டு எடுத்தால் 98. இப்படியே 300 மந்தைகளை எடுத்தால், எல்லாவற்றிலும் தப்பிவிட 5 சதவீதம்கூட வாய்ப்பில்லை. அதனால் 300 மந்தைகளில் ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை என்றால், இங்கே தொற்று நூற்றில் ஒன்றுக்கும் கீழ் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். வெக்கை மாதிரி வேகமாகப் பரவுகிற நோய் அவ்வளவு குறைவாக ரொம்ப நாள் பதுங்கி இருக்க முடியாது. பகுதி பகுதியாக, திரும்பத் திரும்ப இதைச் செய்ய வேண்டும்.

இங்கேதான் ஆய்வக விஞ்ஞானம் தொழுவத்து அனுபவத்தை நம்ப வேண்டியிருந்தது. பழைய மாட்டின் ரத்தத்தில் பழைய ஊசியின் ஆன்டிபாடி இருக்கும், உதவாது. பிறந்த கன்றின் ரத்தத்தில் தாயின் சீம்பாலில் வந்த ஆன்டிபாடி இருக்கும், அதுவும் உதவாது. ஊசி நிறுத்திய பிறகு பிறந்து, சீம்பால் வேகம் வடிந்த இளம் மாடு வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழா இருக்கிறது? பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்ல வேண்டும். தட்டில் நிறம் பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பல் பார்த்தவர் தப்பு செய்திருந்தால் முடிவு தப்பு.

இன்னொரு தலைவலியும் உண்டு. எந்த டெஸ்ட்டும் நூற்றுக்கு நூறு சரியில்லை. நூற்றில் ஒன்று சும்மாவே பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் மாதிரியில் நூறு பொய் மணி அடிக்கும். ஒவ்வொன்றையும் அலட்சியம் செய்யாமல், பழைய நடுநிலையாக்கச் சோதனையில் மறுபடி போட வேண்டும். அந்தத் தொழுவத்துக்குத் திரும்பிப் போய் மற்ற மாடுகளையும் பார்க்க வேண்டும்.

வட ஆற்காட்டில் 1995-ல் நோய் பதிவானதை இந்த வெளிச்சத்தில் பார்க்கணும். அந்த மாவட்டத்து ராணிப்பேட்டையில்தான் கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாரிக்கும் அரசு நிலையம் இருந்தது. மருந்து செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைரஸ் தன் கடைசி மூச்சை விட்டது. ஆனால் அது கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஊசியை நிறுத்தி, ரத்தம் எடுத்து, தட்டுகளைப் படித்து, 2006-ல்தான் இந்தியா வெக்கைத் தொற்றே இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது.

மாட்டின் கண்ணீர்

இப்போ என் கோவிட் கிட்டுக்கு வருகிறேன். கடைசிக் காலத்தில் வைரஸ் பதுங்கியிருந்தது சோமாலியா, கென்யா எல்லைப் பக்கம். ரோடு இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, நாடோடி மேய்ப்பர்கள். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். அதற்காகப் பிர்பிரைட் குழுவினர் 1990-களில் தொழுவத்திலேயே செய்கிற ஒரு பட்டையை உருவாக்கினார்கள். மாட்டின் கண்ணீரைப் பஞ்சில் ஒற்றி, கரைசலில் கலந்து, பட்டையில் விட்டால் கோடு. நம் மூக்குக்கு வந்த அதே தொழில்நுட்பம். கூடவே ஆர்டி-பிசிஆர் வந்தது. வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் படித்து, இது ஆசிய வகையா, இரண்டு ஆப்பிரிக்க வகைகளில் ஒன்றா, எங்கிருந்து வந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது.

சோமாலியப் பகுதியில் இருந்த வகை மாடுகளில் மிக லேசான நோயைத்தான் தந்தது. மாட்டைப் பார்த்தால் தெரியாது. காட்டெருமைகள்தான் காட்டிக்கொடுத்தன. அவற்றுக்கு யாரும் ஊசி போட்டதில்லை, அதனால் அவற்றின் ரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடிக்கு ஒரே அர்த்தம்தான். உலகத்தில் வெக்கை கடைசியாக உறுதி செய்யப்பட்டது 2001-ல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளில். அதன் பிறகு பத்து வருஷம் தேடினார்கள். கிடைக்கவில்லை. 2011 மே மாதம் ஓஐஇ, ஜூன் மாதம் ஐ.நா. உணவு அமைப்பு, இரண்டும் வெக்கை இல்லை என்று அறிவித்தன.

காட்டிலும் தொழுவத்திலும் இல்லை. ஆனால் ஆய்வக ஃப்ரீசர்களில் இருந்தது. 2019-ல் பிர்பிரைட் தன்னிடம் இருந்த 3,000-க்கும் மேற்பட்ட வெக்கை வைரஸ் குப்பிகளை அழித்தது. அழிக்கும் முன் மரபணு வரிசையைப் படித்துப் பதிவு செய்துகொண்டது. வேறு சில நாடுகளில் அனுமதி பெற்ற ஆய்வகங்களில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை முழுசாக அழிக்கலாமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அரசூரில் பிடிபட்ட தம்பி, ஆட்டுக்கொல்லி, இன்னும் இருக்கிறது. அதை 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலகம் இலக்கு வைத்திருக்கிறது. நம் ஊரில் ஆடு வைத்திருப்பது யார்? பெரும்பாலும் நிலமில்லாதவர்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள். பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் உடனே விற்கக்கூடிய ஒரே சொத்து அதுதான். அதனால் இது பழைய கதை இல்லை. ஊசி போடுவது, நிறுத்துவது, பல் பார்ப்பது, தட்டில் நிறம் பார்ப்பது, எல்லாம் மறுபடி நடக்க வேண்டிய வேலை.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்றுதான். வைரஸ் இருக்கிறது என்று சொல்ல ஒரு மாடு போதும். இல்லை என்று சொல்ல ஆயிரக்கணக்கானோர் வருஷக்கணக்கில் ஒன்றும் கிடைக்காத வேலையைச் சலிக்காமல் செய்ய வேண்டும். அவர்கள் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. அந்த எதுவும் இல்லை என்பதற்காகத்தான் அத்தனை உழைப்பும். அவர்கள் பெயர் எந்தப் பரிசிலும் வராது.

பாட்டி கடைசி வரை ஆட்டை அதே வார்த்தை சொல்லித்தான் திட்டினார். அப்போது அந்த நோய் அவர் மாவட்டத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான்.

உங்க வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா, வெக்கை, கோமாரி பற்றிக் கேட்டுப் பாருங்க. எந்த வருஷம், எத்தனை மாடு, என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. அவங்க சொன்னதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.